பட்டாளத்துக்காரருக்கு ஆயுள் காப்பீடு: எதை எடுப்பது, எதை விடுவது? முழுமையான வழிகாட்டி

பட்டாலியன் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த வருடங்களில் ஒரே ஒரு வேலைதான் எனக்குக் கை நடுங்கும் வேலை. இறந்துபோன ஜவானின் ஃபைலைத் திறந்து நாமினி பக்கத்தைப் பார்ப்பது. ஒரு குளிர்காலத்தில் இரண்டு ஃபைல்கள் அடுத்தடுத்து வந்தன. இருவரும் நாயக் ரேங்க், கிட்டத்தட்ட ஒரே சர்வீஸ். ஒருவர் எல்லைப் பக்கம் துப்பாக்கிச் சண்டையில் போனார். இன்னொருவர் லீவில் ஊருக்குப் போய், மகளுக்குப் புத்தகப்பை வாங்கிவிட்டுத் திரும்பும்போது பைக்கில் லாரி மோதிப் போனார்.

இரண்டு வீட்டுக்கும் குரூப் இன்சூரன்ஸ் பணம் ஒரே அளவில்தான் போனது. மற்றதெல்லாம் வேறு. முதல் வீட்டுக்குக் கணவர் வாங்கிய கடைசிச் சம்பளம் அப்படியே பென்ஷனாக வந்தது, அரசு ஒரே தடவையாகத் தரும் கருணைத் தொகையும் வந்தது. இரண்டாவது வீட்டுக்குச் சாதாரண குடும்ப பென்ஷன் மட்டும். அந்த அம்மா என்னிடம் போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் சார், அவரும் பட்டாளத்துலதானே இருந்தாரு?"

ராணுவ வேலை ஆபத்தான வேலை, அதனால் குண்டடிக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். குண்டடிக்கு அரசாங்கம் ஓரளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஓட்டை இருப்பது வேறு இடத்தில்: லீவில் நடக்கும் விபத்து, மாரடைப்பு, காய்ச்சல், அப்புறம் ஓய்வு பெற்ற பிறகு வரும் இருபது வருடம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கை வைத்துத்தான். தரைப்படையில் இருக்கும் ஜவான், ஜேசிஓ-க்களை (ஜவானுக்கும் அதிகாரிக்கும் நடுவில் வரும் சுபேதார் போன்றவர்கள்) மனதில் வைத்து எழுதுகிறேன். கடற்படைக்கும் விமானப்படைக்கும் குரூப் இன்சூரன்ஸ் அமைப்புகள் தனித்தனி, தொகையில் வித்தியாசம் இருக்கலாம், யோசிக்கும் முறை ஒன்றுதான். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற படைகளில் இருப்பவர்கள் ராணுவத்தின் குரூப் இன்சூரன்ஸுக்குள் வர மாட்டார்கள். உங்கள் படையின் நலநிதித் திட்டம் என்ன தருகிறது என்பதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு படி 2-லிருந்து வாருங்கள்.

படி 1: பே ஸ்லிப்பை எடுத்து வையுங்கள்

உங்கள் பே ஸ்லிப்பில் ஏஜிஐ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அது ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் ஃபண்ட், 1976-ல் தொடங்கியது. கடைசியாக உயர்த்திய கணக்குப்படி ஜேசிஓ, ஜவான்களுக்கு 50 லட்சம், அதிகாரிகளுக்கு 1 கோடி. பிடித்தம் மாதம் முறையே 5,000, 10,000. இதில் ஒரு பகுதிதான் இன்சூரன்ஸுக்குப் போகிறது. மீதி சேமிப்பாக நின்று, ஓய்வு பெறும்போது கைக்கு வருகிறது. மாதம் 5,000 வெட்டுகிறார்களே என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்தக் காப்பின் பெரிய பலம், சாவு போரிலா, விபத்திலா, நோயிலா என்று பார்ப்பதில்லை. பெரிய பலவீனம், சீருடையைக் கழற்றும் நாளில் இதுவும் கழன்றுவிடும். ஓய்வுக்குப் பிறகு தொடர்வதற்கு ஒரே தவணையில் பணம் கட்டும் நீட்டிப்புக் காப்பு உண்டு, ஆனால் தொகை சர்வீஸில் இருந்ததைவிடக் குறைவு.

அடுத்து சம்பளக் கணக்கு. ராணுவச் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் விபத்துக் காப்பீடு தருகின்றன, பல லட்சங்களில். இலவசம்தான், வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது விபத்துக் காப்பீடு. டெங்குவில் போனால் அதிலிருந்து ஒரு பைசா வராது. சம்பளம் அந்தக் கணக்கில் தொடர்ந்து வர வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் தகவல் தர வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது தொகையும் மாறும். கிளைக்குப் போய் இப்போதைய நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இதைக் கூடுதல் வரவாக நினையுங்கள், அடிப்படைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம் வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம். 50 வயதுக்குள் இருந்தால் சேர்ந்துவிடுங்கள், யோசிக்க இதில் எதுவும் இல்லை.

படி 2: எப்படி இறந்தால் எவ்வளவு வரும்?

இதைப் பேசப் பெண்டாட்டிக்குப் பிடிக்காது, அம்மா "வாயைக் கழுவு" என்பார். பரவாயில்லை, ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு நாயக்கை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 28,700, ராணுவ சேவை ஊதியம் 5,200, மொத்தம் 33,900. குடும்ப பென்ஷன் இந்த 33,900-ஐ வைத்துத்தான் கணக்கிடப்படும், அகவிலை நிவாரணம் அதற்கு மேல்.

நோயிலோ, பணியோடு சம்பந்தமில்லாத விபத்திலோ இறந்தால் சாதாரண குடும்ப பென்ஷன். முதல் 10 வருடத்துக்குப் பாதி, அதாவது 16,950. அதன் பிறகு 30 சதவீதம், அதாவது 10,170.

பணியின் காரணமாக ஏற்பட்ட விபத்து அல்லது நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 சதவீதம், 20,340.

தீவிரவாதிகளோடு மோதல், எல்லைச் சண்டை, போர் என்றால் தாராளமயமாக்கப்பட்ட குடும்ப பென்ஷன். முழு 33,900.

கருணைத் தொகையும் இப்படித்தான் படி வைத்து மாறுகிறது. ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு மத்திய அரசு வைத்த தொகைகள்: பணியின்போது விபத்து அல்லது தீவிரவாத வன்முறை என்றால் 25 லட்சம், எல்லை மோதலிலும் தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலும் 35 லட்சம், குறிப்பிட்ட உயரமான எல்லைச் சாவடிகளில் பனிச்சரிவு, கடுங்குளிர் போன்றவற்றால் இறந்தாலும் 35 லட்சம், போர் என்றால் 45 லட்சம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியது நினைவிருக்கும். அங்கே எதிரி யாரும் சுடவில்லை. அது மாதிரியான மரணங்களுக்காகத்தான் அந்த உயரமான சாவடிப் பிரிவு. லீவில் பைக்கில் போனவருக்கு இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமே இல்லை.

மாநில அரசு அறிவிக்கும் நிதியையும், ஊர்க்காரர்கள் திரட்டும் பணத்தையும் கணக்கில் எழுதாதீர்கள். வந்தால் சரி.

படி 3: எவ்வளவுக்கு எடுப்பது?

அதே நாயக். வயது 29, பத்து வருட சர்வீஸ். மனைவிக்கு 26, மூன்று வயது மகள், ஊரில் அப்பா அம்மா. வீட்டுக் கடன் பாக்கி 18 லட்சம். மகள் படிப்பு, கல்யாணத்துக்கு 25 லட்சம் ஒதுக்குவோம், பெரியவர்கள் செலவுக்கு 5 லட்சம். மொத்தம் 48 லட்சம். குரூப் இன்சூரன்ஸின் 50 லட்சம் இதோடு தீர்ந்தது.

மாதச் செலவு 30,000 என்று வையுங்கள். லீவில் இறந்தால் முதல் பத்து வருடம் அகவிலை நிவாரணம் சேர்த்து 26,000, 27,000 வரும். இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம். பதினோராவது வருடம் பென்ஷன் 30 சதவீதத்துக்கு இறங்கும். இன்றைய விலையில் 16,000 சொச்சம். மாதம் 14,000 துண்டு விழும். வருடத்துக்கு 1,68,000. மனைவிக்கு அப்போது வயது 36தான். அடுத்த 25 வருடத்துக்குப் போட்டால் 42 லட்சம். விலைவாசி ஏறுவதையும், அந்தப் பணம் வங்கியில் வட்டி ஈட்டுவதையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொண்டாலும், சொந்தமாக 50 லட்சத்துக்குக் குறையாமல் ஒரு பாலிசி வேண்டும் என்பது தெரிகிறது. என்னைக் கேட்டால் 75 லட்சம் சொல்வேன், ஏனென்றால் அடுத்த விஷயம் இன்னும் முக்கியம்.

இவர் 24 வருடம் முடித்து வீடு திரும்பும்போது வயது 43. மகளுக்குப் பதினேழு, கல்லூரிச் சேர்க்கை நேரம். வீட்டுக் கடன் இன்னும் ஓடும். குரூப் இன்சூரன்ஸ் போயிருக்கும். அந்த வயதில் புதிதாக டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) கேட்டால் சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தருவார்கள். அதனால் 29-ல் எடுக்கும் பாலிசியின் காலம் சர்வீஸ் முடியும் வரைக்கும் இல்லாமல் 60 வயது வரை ஓட வேண்டும். சர்வீஸ் முடிகிற வருடத்தைப் போட்டு பாலிசி எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரீமியம் கொஞ்சம் மிச்சம், ஆனால் குடை தேவைப்படும்போது கையில் குடை இல்லை.

படி 4: போஸ்டிங் வருவதற்கு முன்னால்

விண்ணப்பத்தோடு ராணுவத்தினருக்கான தனிக் கேள்வித்தாள் ஒன்று வரும். ரேங்க், எந்தப் பிரிவு, இப்போது எங்கே பணி, பாரா ஜம்ப் உண்டா, விமானம் ஓட்டுவதுண்டா, நீருக்கடியில் வேலையா, வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் வேலையா, மருத்துவ கேட்டகரி என்ன, ஆபத்தான இடத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறதா. கடைசிக் கேள்விதான் வம்பு. உத்தரவு கையில் இருந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடவும், கூடுதல் பிரீமியம் கேட்கவும் வாய்ப்பு அதிகம்.

ஆக, பீஸ் ஸ்டேஷனில் இருக்கும்போது எடுத்துவிடுங்கள். பெங்களூரு, செகந்திராபாத் என்று குடும்பத்தோடு இருக்கும் அந்த இரண்டு மூன்று வருடம் இதற்கான நேரம். அதை விட்டால், 60 நாள் லீவின் முதல் வாரத்தில் விண்ணப்பம் போடுங்கள். ரத்தப் பரிசோதனை, கேள்வித்தாள், யூனிட்டிலிருந்து ஒரு சான்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.

பாலிசி எடுத்த பிறகு சியாச்சின் போஸ்டிங் வந்தால்? பொதுவாக டெர்ம் பாலிசியின் அடிப்படை மரணக் காப்பு, விண்ணப்பிக்கும் நேரத்தில் நீங்கள் உண்மையாகச் சொன்னதை வைத்து முடிவாகிறது. பின்னால் பணியிடம் மாறினால் சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆவணத்தில் வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சொல்லிவிடுங்கள்.

படி 5: எந்த வகை?

என் முதல் பாலிசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது வருடம், கேன்டீன் பக்கத்தில் ஒரு ஏஜென்ட். நம் ஊர்க்காரர், நம் பாஷை. "தம்பி, பணமும் திரும்ப வரும், பாதுகாப்பும் இருக்கும்" என்றார். மாதம் ஆயிரத்துச் சொச்சம் கட்டினேன். பல வருடம் கழித்துப் பத்திரத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் செத்தால் வீட்டுக்குக் கிடைக்கும் தொகை 2 லட்சம். அந்த இரண்டு லட்சத்தை நம்பித்தான் நான் வடக்கே போஸ்ட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எண்டோமெண்ட், மணி பேக் எல்லாம் இந்த ரகம். சேமிப்புக்கு அவை ஒரு வழி, உயிருக்கு ஈடு தருவதில் மிகச் சின்னவை. சேமிப்புக்கு ராணுவ வருங்கால வைப்பு நிதி ஏற்கெனவே இருக்கிறது. இளம் வயதில் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்கு வழி டெர்ம் இன்சூரன்ஸ் ஒன்றுதான். உயிரோடு இருந்தால் எதுவும் திரும்பாது. அந்த ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டியதைத் திருப்பித் தரும் டெர்ம் பாலிசி என்று ஒன்றும் விற்கிறார்கள், அதற்கு வாங்கும் கூடுதல் பிரீமியத்தை வேறு இடத்தில் போட்டாலே போதும்.

தபால் ஆயுள் காப்பீடு மட்டும் கொஞ்சம் தனி. 1884 முதல் இருக்கிறது, ஆர்மி போஸ்டல் சர்வீஸ் வழியாக யூனிட்டிலேயே எடுக்கலாம், உச்சவரம்பு 50 லட்சம், அரசின் உத்தரவாதம். அதில் உள்ள சுரக்ஷா ஆயுள் முழுவதற்குமானது, சந்தோஷ் எண்டோமெண்ட் வகை. டெர்ம் எடுத்த பிறகும் கையில் மிச்சம் இருந்து, கட்டாயச் சேமிப்பு ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு நல்ல இடம். டெர்முக்குப் பதிலாக இதை எடுக்காதீர்கள்.

வேலையைக் காரணம் காட்டி எல்லாரும் கை விரித்தால் ஒரு மாற்று வழி இருக்கிறது. 2021 ஜனவரி முதல் எல்லா ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் 'சரள் ஜீவன் பீமா' என்ற ஒரே மாதிரியான டெர்ம் பாலிசியைத் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. வேலை, வசிக்கும் இடம், படிப்பு எதையும் வைத்து அதில் கட்டுப்பாடு கிடையாது. தொகை 5 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை. பிரீமியம் சாதாரண டெர்மைவிடக் கூடுதல், முதல் 45 நாளுக்கு விபத்து மரணம் மட்டும்தான் காப்பில் வரும். பாரா, கமாண்டோ பிரிவுகளில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: படிவத்தில் பொய் வேண்டாம்

"அரசு ஊழியர்னு போட்டுடலாம் சார், ராணுவம்னு போட்டா ரேட் ஏறும்." இப்படிச் சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ராணுவத்தில் இருப்பவர் அரசு ஊழியர்தான், அதில் பொய் இல்லை. ஆனால் வேலையின் தன்மை என்ன என்று கேட்கும் கட்டத்தில் அலுவலகப் பணி என்று எழுதினால் அது பொய். 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு, பாலிசி தொடங்கி 3 வருடம் ஆன பிறகு எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதை நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்கிறது. அந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது நடந்தால், படிவத்தை வரி வரியாகப் பார்ப்பார்கள். பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் மனைவி நிற்பார்.

லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்நிலை காரணமாகத் தரம் குறைத்து வைத்திருப்பது) இருந்தால் அதையும் எழுதுங்கள். உயரமான இடத்தில் மூச்சுத்திணறி ராணுவ மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருந்தால் அதையும். புகை, ரம் இரண்டையும் கூட. கேன்டீன் கோட்டாவை நண்பருக்குக் கொடுத்துவிடுவேன் என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

கூடுதல் பிரீமியம் எப்படிப் போடுகிறார்கள்? பெரும்பாலும் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று. உதாரணத்துக்கு ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்றால் 50 லட்சத்துக்கு வருடம் 10,000, ஒரு கோடிக்கு 20,000. கேட்கச் சின்னதாக இருக்கும் இரண்டு ரூபாய், சில சமயம் அடிப்படைப் பிரீமியத்தையே தாண்டிவிடும். ஒரே ராணுவத்தினருக்கு ஒரு நிறுவனம் எதுவும் கூட்டாமல் தரும், இன்னொன்று கூட்டும். மூன்று இடத்திலாவது கேளுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று விண்ணப்பம் போட வேண்டாம். ஒன்றில் மறுத்தால் அடுத்ததில் "எங்காவது மறுக்கப்பட்டதா" என்ற கட்டத்தில் ஆம் என்று எழுத வேண்டி வரும். முதலில் உங்கள் பிரிவையும் பணியையும் சொல்லி, கூடுதல் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஆபத்துக் குறைந்த பணிக்கு மாறினால் அந்தக் கூடுதலை எடுத்துவிட முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. யாராவது பிரீமியத்தில் 18 சதவீதம் சேர்த்துச் சொன்னால் பழைய தாளை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

படி 7: விதிவிலக்குப் பக்கம்

பத்திரம் வந்ததும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். டெர்ம் பாலிசியின் அடிப்படை மரணக் காப்பில் பெரும்பாலும் ஒரே விதிவிலக்கு, முதல் 12 மாதத்துக்குள் தற்கொலை. போரில் இறந்தால் பணம் வராது என்று பாரக்கில் பேசிக்கொள்வார்கள். அடிப்படைக் காப்பைப் பொறுத்தவரை பொதுவாக அப்படி இல்லை. ஆனால் உங்கள் பெயர், தொகை எல்லாம் அச்சிட்ட அட்டவணைப் பக்கத்தின் அடியில் "சிறப்பு நிபந்தனைகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே உங்களுக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களா, போர் அல்லது விமானப் பயணம் பற்றி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தால்தான் நிம்மதி.

விபத்து மரண ரைடர் வேறு கதை. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் விபத்தில் இறந்தால் இரட்டிப்பாக வரும் என்பார்கள். அதன் விதிவிலக்குகளைப் படித்தால் போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம், சாகச விளையாட்டு என்று வரிசையாக வரும். சில பத்திரங்களில் ராணுவப் பணியின்போது ஏற்படும் விபத்தே விலக்கு, லீவில் இருக்கும்போது நடந்தால் அல்லது வெள்ளம், புயல் மீட்புப் பணியில் நடந்தால் மட்டும் உண்டு என்று எழுதியிருக்கும். விமான விபத்து என்றால் டிக்கெட் எடுத்த பயணியாக இருந்தால் மட்டும். நமக்கு ஹெலிகாப்டர்தான் டவுன் பஸ். போஸ்ட்டுக்கு அரிசி போகும் அதே ஹெலிகாப்டரில்தான் நாமும் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம். அந்தப் பயணம் இந்த ரைடருக்குள் வராது.

ஆகவே ரைடரை வாங்குவதா வேண்டாமா என்பது, லீவு விபத்துக்கு மட்டும் எவ்வளவு தரத் தயார் என்ற கேள்வி. நான் ரைடருக்குத் தரும் பணத்தை அடிப்படைத் தொகையைக் கூட்டவே கொடுப்பேன். வங்கி தரும் விபத்துக் காப்பு ஏற்கெனவே இருக்கிறதே.

பிடிக்காவிட்டால் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். நீங்கள் வடக்கே இருக்கும்போது பத்திரம் ஊரில் பீரோவுக்குள் போய்விட்டால் அந்த 30 நாள் சும்மா கழியும். மின்னஞ்சலில் வரும்படி கேளுங்கள், வந்த அன்றே படியுங்கள்.

படி 8: நாமினி

முதலில் சொன்ன அந்தக் கை நடுக்கம் இந்தப் பக்கத்தால்தான். பத்தொன்பது வயதில் சேரும்போது எல்லாரும் அம்மா பெயரைப் போடுவார்கள். அப்புறம் கல்யாணம் ஆகும், பார்ட் டூ ஆர்டர் (யூனிட் போடும் பதிவு உத்தரவு) வெளியாகும், மனைவி பெயர் ரெக்கார்டில் ஏறும், பென்ஷனுக்கு அது போதும். இன்சூரன்ஸ் நாமினேஷன் தானாக மாறாது. அதற்குத் தனிப் படிவம், தனிக் கையெழுத்து. குரூப் இன்சூரன்ஸுக்கு ஒன்று, வைப்பு நிதிக்கு ஒன்று, தனியார் பாலிசிக்கு ஒன்று, வங்கிக் கணக்குக்கு ஒன்று. நாலு இடம்.

மாற்றாமல் விட்ட வீடுகளில் மாமியாரும் மருமகளும் ஒரே திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, தப்பு படிவத்தை நிரப்பாதவர் மேல்தான். அம்மாவையும் விட வேண்டாம் என்றால் சதவீதம் பிரித்து எழுதலாம், மனைவிக்கு 70, அம்மாவுக்கு 30 என்று. வாய்ப் பேச்சில் "அம்மாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லி வைப்பதைவிட இது நல்லது. காப்பீட்டுச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. குழந்தையை நாமினியாகப் போட்டால், 18 வயது ஆகும் வரை பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவர் பெயரும் அதிலேயே வேண்டும்.

கடன் அதிகம் உள்ளவர்கள் 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுக்கலாம். அப்படி எடுத்தால் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைப் பணம் ஆகிவிடும், கடன்காரர்கள் பொதுவாகத் தொட முடியாது. பாலிசி வாங்கும்போதே அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், பிறகு முடியாது. எடுத்த பின் நீங்களே நினைத்தாலும் ஆளை மாற்ற முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்னிவீர் தம்பிகளுக்கு

நாலு வருடத்துக்கு மட்டும் சேரும் உங்கள் கணக்கு வேறு. 48 லட்சம் இன்சூரன்ஸ், நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பணியின் காரணமாக இறந்தால் 44 லட்சம் கருணைத் தொகை, நாலு வருடத்தில் மீதியுள்ள காலத்துக்கு முழுச் சம்பளம், சேவா நிதி (சம்பளத்தில் பிடிப்பதும் அரசு போடுவதும் சேர்ந்த தொகை). பணியோடு சம்பந்தமில்லாத மரணம் என்றால் 48 லட்சமும் அதுவரை சேர்ந்த நிதியும்தான். மாதாமாதம் வரும் குடும்ப பென்ஷன் எந்த வகையிலும் இல்லை. மேலே நாயக்குக்குப் போட்ட கணக்கை உங்களுக்குப் பொருத்தாதீர்கள்.

நாலு வருடம் முடிந்ததும் அந்த 48 லட்சமும் நின்றுவிடும். நால்வரில் ஒருவருக்கு மேல் தொடர வாய்ப்பில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை தரும், வேலை இல்லாத மாதத்தில் போய்க் கேட்டால் கதவு திறக்காது. மூன்றாவது வருடம் மாதம் 36,500 என்று பே ஸ்லிப் கையில் இருக்கும்போதே, 60 வயது வரைக்கும் ஒரு டெர்ம் பாலிசி எடுத்துவிடுங்கள். 21, 22 வயதுப் பிரீமியம் பாலிசி முடியும் வரை அதே அளவில் இருக்கும். வெளியே வந்து வேறு வேலைக்குப் போனாலும் அதே பாலிசி தொடரும்.

படி 9: பாலிசி சாகாமல் பார்த்துக்கொள்வது

போஸ்ட்டில் சிக்னல் இருக்காது. ஓடிபி வராது. மாதத் தவணைக்கு 15 நாள்தான் சலுகை, வருடத் தவணைக்கு 30 நாள். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை கட்டும்படி எடுங்கள், சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்யுங்கள், தவணை நாளை நீங்கள் வழக்கமாக லீவில் வரும் மாதத்தில் வையுங்கள். பாலிசியில் மனைவியின் கைபேசி எண்ணையும் பதியுங்கள்.

ஒருவர் காணாமல் போய், உடல் கிடைக்காமல் போனால் ராணுவம் விசாரித்து இறந்ததாகக் கருதலாம். தனியார் பாலிசிக்கு அது மட்டும் போதாமல் போகலாம், ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கருதும் சட்டத்தின் வழியில் நீதிமன்றத்துக்குப் போக நேரலாம். அதுவரை பிரீமியத்தை நிறுத்திவிடக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியை இப்போதே சொல்லி வையுங்கள்.

படி 10: பச்சை ஃபைல்

வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். என்னுடையது பச்சை நிறம், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும், என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். அதில் இருக்க வேண்டியவை: பாலிசிப் பத்திரங்களின் நகல், குரூப் இன்சூரன்ஸ் நாமினேஷன் நகல், கடைசி பே ஸ்லிப், கல்யாணமும் குழந்தைகளும் பதிவான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், ராணுவ எண், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது நீலகிரியில் வெலிங்டன். கூடவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் எண், யூனிட் கிளார்க்கின் எண்.

அசம்பாவிதம் நடந்தால் குரூப் இன்சூரன்ஸுக்கும் பென்ஷனுக்கும் யூனிட்டும் ரெக்கார்ட் ஆபீஸும் தாமாகவே வேலையை ஆரம்பிக்கும். தனியார் பாலிசி இருப்பது அவர்களுக்குத் தெரியாது, குடும்பம்தான் போய்ச் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றோடு, விபத்து என்றால் எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். பணியில் நடந்திருந்தால் யூனிட்டின் கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள் விசாரணை) முடிவும் தேவைப்படலாம், யூனிட்டுக்கு எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே கேட்பார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்த மறுப்புக் கடிதத்தையும், அது வந்த கவரைத் தேதி முத்திரையோடும் அதே பச்சை ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.